மறுபடியும் குடித்துவிட்டவருக்குக் கிருபை உண்டா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

வாலிபர்_ஐக்கியம்:
ஸ்தோத்திரம். எங்கள் பாடகர் குழுவில் ஒரு தம்பி. பல மாதம் குடியை விட்டிருந்தவர், ஒரு கல்யாண வீட்டில் மறுபடி தொட்டு, இப்போது தினமும் குடிக்கிறார். திருவிருந்து (அப்பமும் பாத்திரமும் பகிரும் ஆராதனை) ஞாயிறு என்றால் சபைப் பக்கமே வருவதில்லை. யாரோ எபிரெயர் 6:6ஐக் காட்டி, "உன்னைப் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்" என்று சொல்லிவிட்டார்கள். அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை மூன்று நாள் உபவாசத்துக்கு அழைத்துப்போகலாம் என்று இருக்கிறோம். சரியா?

பழைய_ஓலை:
பிரதர், அந்த வசனத்தை அவர் கையில் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த அதிகாரம் பேசுவது கிறிஸ்துவையே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி. விழுந்துவிட்டோமே என்று அழுகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. 9ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்: எழுதினவர் உடனே குரலைத் தணித்து, "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்புகிறோம் என்கிறார்.

சபைக்கு இது புதுக் கேள்வியும் அல்ல. கி.பி. 250இல் தேசியுஸ் பேரரசன் எல்லாரும் ரோம தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, உயிருக்குப் பயந்து ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றுச்சீட்டு வாங்கினார்கள். துன்பம் தணிந்ததும் அவர்கள் சபை வாசலில் வந்து நின்றார்கள். இவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவாத்தியான் என்ற குரு பிரிந்து போனார். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் 251இல் சங்கம் கூட்டி, மனந்திரும்புதலுக்கு ஒரு காலம் வைத்துச் சேர்க்கலாம் என்ற வழியைத் திறந்தார். 325இல் நிசேயா சங்கம், நொவாத்தியான் பிரிவிலிருந்து வரும் குருமார், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் கொள்வோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றே விதித்தது (8ஆம் சட்டம்). தம்பி குடித்தார், அவர்கள் விக்கிரகத்துக்கு முன் கிறிஸ்துவை மறுத்தவர்கள். அவர்களுக்கே வாசல் திறந்தது என்பதைச் சொல்லுங்கள்.

வார்டு_நர்ஸ்:
அண்ணா, உபவாசத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இதுதான் அவசரம். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று போனால் உயிருக்கே ஆபத்து. இதைப் பிசாசின் போராட்டம் என்று நினைத்துக் கட்டிப்போட்டு ஜெபித்தால் சாவே நடக்கலாம். குடிக்கிறவர்களுக்கு உடம்பில் தயாமின் (வைட்டமின் பி1) பெரும்பாலும் குறைந்திருக்கும்; பட்டினி அதை இன்னும் மோசமாக்கி மூளையைப் பாதிக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று புரியாவிட்டால் 14416இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் அவர் காதில் ஓதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி விழுவது இந்த நோயில் சாதாரணமாக நடப்பது. முதல் சில மாதங்களில்தான் அதிகம்.

கரிநெருப்பு:
சிஸ்டர் சொன்னது முடிந்து உடம்பு தெளிந்த பிறகு, யோவான் 21ஐ அவரோடு உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். பேதுரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்தார் (18:18). உயிர்த்தெழுந்தபின் கரையில் இயேசு போட்டிருந்ததும் கரிநெருப்பு. அதின்மேல் மீன், கூடவே அப்பம். "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி, மூன்று தரமும் ஆடுகளை மேய்க்கிற பொறுப்பு. "ஏன் செய்தாய்" என்று ஒரு தரமும் கேட்கவில்லை. நீங்களும் முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.

அறிக்கை செய்வது ஒருவரிடம் போதும் (யாக்கோபு 5:16): வாயைக் கட்டக்கூடிய மூப்பர் ஒருவர். "பலவீனமாய் இருக்கிறேன்" என்று மழுப்பாமல் எங்கே, யாரோடு, யார் காசில், வீட்டில் என்ன பொய் சொன்னார் என்று பேர் சொல்லி அறிக்கையிட வேண்டும். கடன் வாங்கியிருந்தால் நோட்டில் எழுதி மாதாமாதம் அடைக்கட்டும்; அநியாயமாய் வாங்கினதைத் திருப்பிக்கொடுத்த சகேயுவின் மனந்திரும்புதலில் காசு இருந்தது.

மேடையில் சாட்சி சொல்ல வைக்கவே வைக்காதீர்கள். கைதட்டல் வாங்கினவர் அடுத்த தரம் விழுந்தால் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார். மன்னிப்பு உடனே கிடைக்கும், பொறுப்பு மெதுவாகத் திரும்பும்; இரண்டும் வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாட விடாததைத் தேவன் தள்ளிவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

வாலிபர்_ஐக்கியம்:
உபவாசத்தை நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை மருத்துவமனை. திருவிருந்து மட்டும் சொல்லுங்கள். "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) புசிக்கக்கூடாது என்கிற வார்த்தைக்குப் பயப்படுகிறார்.

பழைய_ஓலை:
1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து *புசிக்க* சொல்கிறது. சோதித்து விலகி நிற்கச் சொல்லவில்லை. அங்கே பவுல் கண்டித்தது, ஏழைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் தாங்கள் குடித்து வெறித்திருந்தவர்களை. அறிக்கை செய்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு அந்தப் பந்தியில் இடம் உண்டு.

வார்டு_நர்ஸ்:
ஒன்று மட்டும். உங்கள் சபையில் பாத்திரத்தில் இருப்பது புளிக்காத திராட்சைச் சாறா, புளித்த ஒயினா என்று ஆயரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒயின் என்றால் அவருக்கு அப்பம் மட்டும் கொடுக்கச் சொல்லலாம். குடியை விட உதவும் டைசல்ஃபிராம் மாத்திரை எழுதியிருந்தால் ஒரு மடக்கு ஒயினுக்கே வாந்தி, படபடப்பு வரலாம். அதை அவர் சாபம் என்று நினைத்துவிடக்கூடாது.