1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஷோவுக்கு முன் பெயின்டை எவ்வளவு தொடலாம்?

நீலஹெரால்டு67:
வணக்கம். வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. பாடி வெளிர்நீலம், ரூஃப் வெள்ளை. ஐந்து வாரத்தில் பழைய கார் ஷோ. வேக்ஸ் போடும் முன் பெயின்ட் கனத்தைக் காட்டும் கேஜ் வைத்து அளந்ததில் வந்த கணக்கு இது. பானட் நடுவில் 110 முதல் 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), முன் மட்கார்டின் மேல் மடிப்பில் 70. கதவுகள் 180 முதல் 220. பின்பக்க இடது மட்கார்டு 450இல் தொடங்கி ஒரு இடத்தில் 900. ரூஃப் 240, அதில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரிழை வெடிப்பு.

வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் பானட்டிலும் கதவிலும் துணி நீலமாகிறது. இடது மட்கார்டில் ஆகவில்லை. அந்த மட்கார்டில் வெயில் பட்டால் பஃபிங் மெஷின் போன தடம் அலையலையாகத் தெரிகிறது. பானட் வெளுத்து மங்கிக் கிடக்கிறது.

பானட்டில் மெஷின் வைக்கலாமா? வெடிப்பு பாலிஷில் போகுமா? பேசாமல் வேக்ஸுக்குப் பதில் செராமிக் கோட்டிங் (கடினமாக இறுகும் பாதுகாப்புப் பூச்சு) அடித்துவிடலாமா?

கேஜ்முள்:
முதலில் அந்த எண்களைப் பற்றி. கேஜ் காட்டுவது இரும்புக்கு மேல் உள்ள மொத்தக் கனம். அடிப்பூச்சான பிரைமர், பள்ளம் நிரப்பும் பட்டி, கலர், அதற்கு மேல் நிறமில்லாத க்ளியர் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். அதனால் 900 காட்டும் இடத்தில் தாராளமாகத் தேய்க்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அடியில் பட்டி இருக்கிறது. மேலே இருக்கும் க்ளியர் கோட் வழக்கம்போல் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். உங்கள் வண்டியில் அதிகம் பயப்பட வேண்டிய எண் 70. மடிப்புகளில் பெயின்ட் அடிக்கும்போதே மெலிந்துதான் படியும், பழைய பாலிஷ்களும் முதலில் தின்றது அந்த இடத்தைத்தான். அங்கே மெஷினே போகக் கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்துக் கையால் முடியுங்கள்.

துணி நீலமாவதால் பானட்டும் கதவும் க்ளியர் இல்லாத சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட். அது பழைய கால என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பெயின்டா, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கேயா என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பானட்டைத் தூக்கி, உள்பக்க விளிம்பில் அதே பெயின்ட் பட்டிருக்கும் இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டு லேசாகத் தேயுங்கள். என்.சி. என்றால் சில நொடிகளில் கரைந்து பிசுபிசுக்கும். எனாமல் சுருங்கித் தூக்கும். நன்றாக இறுகிய 2கே அசையாது.

வெடிப்பு பாலிஷில் போகாது. அது மேல்தோலில் இருக்கும் கீறல் இல்லை. கனமாக அடித்த பெயின்ட் சுருங்கி அடிவரை பிளந்தது. ஷோவுக்கு முன் அந்த ரூஃபை மறுபடி அடிக்கவும் நேரமில்லை. புது பெயின்டில் வேக்ஸ் போட 60 முதல் 90 நாள் காத்திருக்க வேண்டும், உள்ளே இருக்கும் தின்னர் வெளியேறியாக வேண்டும். இப்போதைக்கு அந்த உள்ளங்கை இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, காம்பவுண்ட் (பெயின்டை அராவும் கடினமான பாலிஷ்) படாமல் காப்பாற்றுங்கள். இன்னொன்று: பானட்டுக்குப் பயன்படுத்திய பாலிஷ் பேடை ரூஃபில் வைத்தால் நீலத்தூள் அந்த வெடிப்புக்குள் போய் உட்காரும். பிறகு எதைப் போட்டாலும் வராது. ரூஃபை முதலில், தனி பேடில் முடித்துவிடுங்கள்.

பட்டறைப்பார்வை:
பார்க்கிற வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்யூப் லைட்டில் ஸ்விர்ல் மார்க் (வட்ட வட்டமான மெல்லிய கீறல்) தெரியாது. தகடு நேராக இருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமான ஆரஞ்சு பீல் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். அதற்கு விளக்கின் பிம்பம் வளைகிறதா என்று பாருங்கள். ஸ்விர்லுக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். வெள்ளை ரூஃபில் அப்படியும் ஏமாற்றும், காலை எட்டு மணி வெயிலில் குனிந்து பாருங்கள்.

கழுவும்போது போர் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை போர் தண்ணீர் காய்ந்தால் வட்ட வட்டமாக உப்பு நிற்கும், அதையும் பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழுவித் துடைத்ததும் மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டித் தடவினால் சொரசொரப்பு தெரியும். அங்கே மட்டும் மென்மையான க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி), ஷாம்பு தண்ணீரைத் தாராளமாக ஊற்றி. காய்ந்த இடத்தில் க்ளே இழுத்தால் புதுக் கீறல்தான் மிச்சம். தரையில் விழுந்த க்ளேயை எடுத்துப் பிசையாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பானட் என்.சி. என்று வந்தால் உடனே காம்பவுண்டுக்குப் போக வேண்டாம். பழைய என்.சி. உலர்ந்து, எண்ணெய்ப் பசை போய், மேல்பரப்பு செத்துக் கிடக்கும். மெகுயர்ஸ் நம்பர் 7 மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸை, தடித்த பருத்தி டவலில் நிறைய எடுத்து அழுத்தித் தேய்த்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் துடைத்தால் டவலில் நீலம் வரும். அது செத்த பெயின்ட். நிறம் ஆழமாகிவிடும். அதன் பிறகு ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும் வைத்து, சுழன்றபடியே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் இரண்டு மூன்று பாஸ் (மெஷின் அந்த இடம் முழுக்க ஒரு முறை போவது) போதும்.

ரப்பிங்ரங்கா:
டூயல் ஆக்‌ஷனில் எல்லாம் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பளியில் செய்த ஊல் பேட் போட்டு, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினைக் குறைந்த ஸ்பீடில் வைத்தால் கதவு அரை மணியில் முடிந்துவிடும்.

பட்டறைப்பார்வை:
கதவு 2கேயாக இருந்து, கையும் பழகியிருந்தால் சரி. என்.சி. சூட்டில் இளகும். ரோட்டரி ஒரே இடத்தில் சுற்றினால் பெயின்ட் இழுபட்டு வரும், கதவின் பாடி லைனில் (தகட்டின் மடிப்புக்கோட்டில்) ஒரு வினாடி நின்றால் பிரைமர் தெரியும். இடது மட்கார்டில் இருக்கும் அலைத்தடமே ரோட்டரி போட்டதுதான். ஷோ வண்டியில் அரை மணி மிச்சப்படுத்தி என்ன செய்யப்போகிறோம்?

நீலஹெரால்டு67:
தின்னர் வைத்துப் பார்த்தேன். பானட் கரைகிறது, கதவுகள் கரையவில்லை. மட்கார்டை எப்படிச் சரிசெய்வது? அப்புறம் அந்த செராமிக் விஷயம்?

கேஜ்முள்:
அப்படியென்றால் பானட் என்.சி., கதவு சிங்கிள் ஸ்டேஜ் 2கே, மட்கார்டு க்ளியர் கோட். ஒரே வண்டியில் மூன்று விதமான வேலை.

மட்கார்டில் 45 செ.மீ. சதுரத்தைச் சோதனை இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 5 இன்ச் ஃபினிஷிங் பேட், பட்டாணி அளவு நான்கு துளி பாலிஷ், ஸ்பீடு 4. ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தில் பாதியை மூட வேண்டும். மேலும் கீழும், இடமும் வலமுமாக நான்கு பாஸ். கையை வேகமாக ஓட்டினால் பாலிஷ் வேலை செய்யாமல் பூசி மட்டும் வைக்கும். முடிந்ததும் 15 சதவீதம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து டார்ச் அடியுங்கள். இந்தத் துடைப்பு முக்கியம், ஏனென்றால் பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். போகவில்லை என்றால்தான் ஒரு படி கடினமான பேட். பானட்டில் ஆல்கஹால் படவே வேண்டாம், என்.சி. மென்மையாகிவிடும்; அங்கே ஷாம்பு தண்ணீர் போதும்.

கதவுகளுக்கும் இதே முறைதான், ஆனால் பேடில் நீலம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். தகட்டில் புறங்கையை வைத்தால் சூடு தாங்கும்படி இருக்க வேண்டும்.

செராமிக் வேண்டாம். அதில் இருக்கும் கரைப்பான் என்.சி.யை என்ன செய்யும் என்பது அடித்த பிறகுதான் தெரியும், தவறினால் மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். 110 மைக்ரானில் அதற்கு இடமில்லை.

வேக்ஸ்டப்பா:
அப்போ கார்னௌபா பேஸ்ட் வேக்ஸ்தான். பிரேசில் நாட்டுப் பனையின் இலையில் இருந்து எடுப்பது. சுத்தமான கார்னௌபா உருக 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், டப்பாவில் எண்ணெயும் கரைப்பானும் கலந்திருப்பதால்தான் பூச வருகிறது. சென்னை வெயிலில் சில வாரம் தாங்கும். ஷோவுக்கு அது போதும்.

எல்லோரும் கெடுத்துக்கொள்வது கனமாகப் பூசித்தான். ஃபோம் அப்ளிகேட்டரை லேசாக ஈரப்படுத்தி, டப்பாவில் ஒரு சுற்று சுற்றினால் ஒரு கதவுக்குப் போதும். பூசிய இடம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பேனலாக, நிழலில். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: சுத்தமாகத் தெளிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுங்கள். ஈரக்காற்று இருக்கும் நாளில் இருபது நிமிடம்கூட ஆகும். அடுத்த பூச்சுக்கு 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி. இரண்டு பூச்சுக்கு மேல் போட்டுப் பயனில்லை, பளபளப்பு பாலிஷில் ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். வெடிப்பு உள்ள இடத்தில் வேக்ஸையும் தவிருங்கள்.

பார்வையாளர்கள் பானட்டைப் பார்ப்பார்கள். ஜட்ஜ் கதவைத் திறந்து கீல் ஓரத்தைப் பார்ப்பார், டிக்கி ரப்பரைத் தூக்குவார். ஹெரால்டில் முன்பக்கம் முழுசாக எழும்பும் என்பதால் முன் மட்கார்டின் உள்புறமும் கண்ணில் படும். அதையும் கழுவித் துடைத்து வையுங்கள். வண்டியின் பெயர் எழுத்து, பீடிங் பட்டை இடுக்குகளில் காய்ந்து வெள்ளையாக நிற்கும் பாலிஷை மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். கறுப்பு ரப்பரில் வேக்ஸ் பட்டால் வெளுத்துப்போகும், முன்கூட்டியே டேப் ஒட்டுங்கள்.

ஷோ அன்று காலை தூசியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். குவிக் டீடெய்லர் (தூசி துடைக்கும் ஸ்ப்ரே) தெளித்து, புது மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முந்தைய நாளே கத்தரித்துவிடுங்கள், மென்மையான என்.சி.யில் அதுவே கீறும்.