அப்பாவின் வாளியும் புதுத் தரையும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

சனி, மாலை 6:10

மீனா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஹாலுக்கும் இரண்டு படுக்கை அறைக்கும் லேமினேட் தரை, அதான் மரம் மாதிரி பலகை, போடலாம் என்று இருக்கிறேன். சாம்பிள் பலகை இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று 8 மி.மீ., இன்னொன்று 12 மி.மீ. எதை எடுக்கலாம்?

மீனா: [படம்]

கார்த்தி: இடது பக்கம் இருப்பது அழகு. வலது பக்கம் இருப்பதைப் பார்த்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரத் தோன்றுகிறது.

செல்வி அத்தை: கலர் இருக்கட்டும் மீனா, முதலில் இதைப் பார்.

செல்வி அத்தை: [படம்]

செல்வி அத்தை: எங்கள் ஹால். போட்டு ஒன்றரை வருஷம்தான். ஒவ்வொரு இணைப்பும் உதடு மாதிரி வீங்கி நிற்கிறது. விற்கும்போது வாட்டர் ப்ரூஃப் என்று சத்தியம் செய்யாத குறை. இப்போது போய்க் கேட்டால், உங்களைத் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னது யார் என்கிறார்கள்.

அப்பா: தண்ணீர் விடாமல் தரையை எப்படித் துடைப்பது

செல்வி அத்தை: நானும் அதையேதான் கேட்டேன் அண்ணா. பதில் வரவில்லை.

ரவி சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். அக்கா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நடுப்பலகை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வீக்கம் விளிம்பில் மட்டும். மேலே இருப்பது மெலமைன் பிசின், அதில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும். அது வழியாகத் தண்ணீர் இறங்காது. அதற்குக் கீழே மரம் மாதிரி அச்சடித்த காகிதம். அதற்கும் கீழே ஹெச்டிஎஃப், அதாவது மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. இணைப்பில் தேங்கிய தண்ணீர் அந்த நாருக்குள் போய்விட்டால் ஊதும். காய்ந்தாலும் பழையபடி படியாது.

மீனா: தேய்த்துச் சமப்படுத்த முடியாதா சித்தப்பா? மரத்தரையில் அப்படிச் செய்வார்களே.

ரவி சித்தப்பா: அது நிஜ மரம், தேய்க்கலாம். இதில் தேய்த்தால் படமே போய்விடும். கெட்ட பலகையை மாற்றுவதுதான் வழி.

கார்த்தி: அப்படியானால் நாம் காசு கொடுத்து மரத்தின் போட்டோ மேல் நடக்கப் போகிறோம்.

ரவி சித்தப்பா: அதேதான்டா. மேஜை மேல் ஒட்டுகிறோமே மைக்கா ஷீட், அதற்குத் தம்பி முறை. 1977-ல் ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் என்ற கம்பெனி அந்த மைக்காவைத் தரைக்கு ஏற்றபடி செய்தது. பெர்கோ என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பாய், அவர்கள்தான். முதலில் பசை தடவித்தான் சேர்த்தார்கள். கிளிக் என்று மாட்டுகிற பலகை தொண்ணூறுகளில் வந்தது.

மீனா: சரி, 8-ஆ 12-ஆ?

ரவி சித்தப்பா: தடிமன் கூடினால் ஆயுள் கூடும் என்பது கடைப் பேச்சு. 12 மி.மீ. போட்டால் காலுக்குக் கெட்டியாக இருக்கும், நடக்கும்போது டொக் டொக் சத்தம் கொஞ்சம் குறையும். தேய்வது மேல் படலம். அதற்குத் தனி அளவு, பெட்டியில் ஏசி 3, ஏசி 4 என்று போட்டிருக்கும்.

கார்த்தி: தரையிலேயே ஏசியா!

ரவி சித்தப்பா: இந்த ஜோக்கை நீ சொல்வாய் என்று தெரியும். எண் ஏற ஏறத் தேய்மானத்தை அதிகம் தாங்கும். படுக்கை அறைக்கு ஏசி 3 தாராளம். ஹாலுக்கு ஏசி 4 எடுக்கலாம். அதற்கு மேல் கடை, ஆபீஸுக்குத்தான். ஏசி 3 போட்ட 12 மி.மீ. பலகையைவிட ஏசி 4 போட்ட 8 மி.மீ. பலகை தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அப்புறம் இ1 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியேறும் என்பதற்கு அந்தக் குறி.

மீனா: கீழே போடுகிற ஃபோம்? நடக்க மெத்து மெத்து என்று இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு போடச் சொல்லலாமா?

செல்வி அத்தை: எங்களுக்கு அப்படித்தான் போட்டார்கள்!

ரவி சித்தப்பா: அப்படியா அக்கா? பாதி வியாதி அங்கேதான். ஃபோம் 2 அல்லது 3 மி.மீ. போதும். மெத்தை மாதிரி போட்டால் கால் வைக்கும்போதெல்லாம் இணைப்பு மேலும் கீழும் ஆடும். ஆடி ஆடி வாய் திறந்துவிடும். நீ ஊற்றிய தண்ணீர் நேராக அந்த வாய்க்குள்.

செல்வி அத்தை: நான் ஊற்றவில்லை, துடைத்தேன்.

ரவி சித்தப்பா: சரிக்கா, துடைத்த தண்ணீர்.

மீனா: பின் அறையில் சுவரோடு ஒரு அலமாரி செய்யச் சொல்லியிருக்கிறேன். தரை போட்ட பிறகு அதன் மேலேயே நிறுத்திவிடலாம் இல்லையா?

ரவி சித்தப்பா: வேண்டாம். இது ஆணி, பசை எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கிற தரை. காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அதற்காகத்தான் சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவர் அடியில் ஸ்கர்ட்டிங் பட்டை வைத்து மறைப்பது. ஸ்கர்ட்டிங் ஆணியும் சுவரில்தான் போகவேண்டும், பலகையில் இல்லை. ஒரு பக்கம் கனமான அலமாரி அழுத்திப் பிடித்தால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும். அலமாரியை முதலில் வை, அதைச் சுற்றித் தரை போடட்டும். பலகைப் பெட்டியைப் பிரிக்காமல் 48 மணி நேரம் அதே அறையில் படுக்க வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்.

அப்பா: இவ்வளவு சீராட்ட வேண்டிய தரை எதற்கு. சிமெண்ட் தரைக்கு என்ன குறை

மீனா: குளிர்ச்சியாக இருக்கிறதுப்பா. வெறுங்காலில் நடக்க முடியவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அப்பா: சொன்னேன்

ரவி சித்தப்பா: மீனா, கடைக்குப் போவதற்கு முன் ஒன்று செய். மூன்று அறையிலும் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டு. இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார். கீழே துளி நின்றாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ தரைக்குள் ஈரம் இருக்கிறது. இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகை கிடைத்தால் அதையும் வைத்துப் பார். அடியில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரிந்தால் முதலில் சமன் செய்ய வேண்டும்.

ஞாயிறு, காலை 8:25

மீனா: மூன்று அறையிலும் நேற்றிரவே ஒட்டினேன். இன்று எழுந்து பார்த்தால் ஹால் ஷீட்டுக்குள் குளம்.

ரவி சித்தப்பா: ஒரே ராத்திரியிலா? அங்கே குழாய் ஏதாவது ஓடுகிறதா?

கார்த்தி: சித்தப்பா, குழாய் இல்லை. அப்பா. விடியற்காலையில் ஹாலைத் துடைத்திருக்கிறார். டேப் தடுக்கிறது என்று ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டு.

அப்பா: அழுக்காக இருந்தது

ரவி சித்தப்பா: 😂 அண்ணா! ஹாலைக் காயவிட்டு மறுபடி ஒட்டட்டும். செவ்வாய் ராத்திரி வரைக்கும் வாளியைத் தொடாதீர்கள்.

செல்வி அத்தை: மீனா, பரிசோதனையே முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் லேமினேட் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிட்டதே.

மீனா: அத்தை, நீங்கள் இப்போது எப்படித் துடைக்கிறீர்கள்?

செல்வி அத்தை: தினமும் காய்ந்த மைக்ரோஃபைபர் மாப்தான். பிசுக்கு இருந்தால் மட்டும் ஈரத்துணி, அதுவும் முறுக்கினால் ஒரு சொட்டு விழக்கூடாது. துடைத்த ஈரம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகக் காய்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. என் மருமகள் நீராவி மாப் ஒன்று வாங்கி வந்தாள். ஒரு தடவை போட்டேன், ஜன்னல் ஓரத்து இணைப்பு எழும்பிவிட்டது. சூட்டோடு ஆவி உள்ளே போனால் சும்மா விடுமா.

செல்வி அத்தை: பளபளக்கட்டும் என்று மெழுகு, பாலிஷ் எதுவும் போடாதே. உள்ளே இறங்க அதற்கு இடமே இல்லை. மேலே பிசுபிசு என்று படிந்து, காலடி எல்லாம் தெரியும். அதைக் கழற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மீனா: கீறல் விழுகிறதா?

செல்வி அத்தை: வாசலில் மிதியடி போட்ட பிறகு இல்லை. செருப்போடு வரும் மணல்தான் எதிரி. நாற்காலிக் காலுக்கெல்லாம் ஃபெல்ட் வட்டம் ஒட்டியிருக்கிறேன். அது தேய்ந்து விழுந்துவிடும், அவ்வப்போது பார்த்து மாற்றவேண்டும்.

கார்த்தி: என் சக்கர நாற்காலி?

ரவி சித்தப்பா: ஆபீஸ் நாற்காலியைச் சொல்கிறாயா? மெத்தென்ற ரப்பர் சக்கரம் மாற்று. இல்லையென்றால் அடியில் ஒரு பாய் போடு. கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் ஒரே இடத்தில் உருண்டு உருண்டு படத்தையே சுரண்டிவிடும்.

மீனா: சின்னவள் நெயில் பாலிஷ் கொட்டினால்?

செல்வி அத்தை: கொட்டியாயிற்று. அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உடனே ஈரத்துணியால் ஒரு துடை. போய்விட்டது. சூயிங் கம் என்றால் ஐஸ் வைத்து இறுக விட்டு பிளாஸ்டிக் அட்டையால் நெம்பு, கத்தி வேண்டாம்.

செவ்வாய், இரவு 9:05

மீனா: ஷீட்டை எடுத்தாயிற்று. ஹால் காய்ந்திருக்கிறது. முன் அறையும் அப்படியே. பின் அறை இதோ.

மீனா: [படம்]

ரவி சித்தப்பா: நன்றாகக் கறுத்திருக்கிறதே. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையா?

மீனா: ஆமாம்.

ரவி சித்தப்பா: அங்கே லேமினேட் பேச்சே வேண்டாம், முதலில் கசிவைப் பார். வழக்கமாக ஃபோமுக்கு அடியில் 0.2 மி.மீ. பாலித்தீன் விரிப்போம், இரண்டு ஷீட் சேரும் இடத்தில் 20 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி டேப் போட்டு. சிமெண்டிலிருந்து வரும் லேசான ஈரத்துக்கு அது போதும். ஆனால் கசிவு என்றால் தண்ணீர் அடியிலேயே அடைபட்டுக் கிடக்கும், பலகை வீங்கும்போதுதான் உனக்குத் தெரியும்.

மீனா: சரி. அப்படியானால் முன் அறைக்கு மட்டும் இப்போது. 8 மி.மீ., ஏசி 4. பின் அறை, பிளம்பர் வந்து பார்த்த பிறகு.

அப்பா: ஹால்

மீனா: ஹால் சிமெண்டாகவே இருக்கட்டும்ப்பா. உங்களுக்கும் வாளிக்கும்.

செல்வி அத்தை: நல்ல முடிவு. மீனா, வெட்டும்போது வீணாவதற்கு என்று பத்து சதவீதம் கூடுதலாகத்தானே வாங்குவாய், அதோடு ஒரு பெட்டி சேர்த்து வாங்கி வை. எங்கள் டிசைனே இப்போது வருவதில்லை, ஒரு பலகை மாற்ற வழியில்லாமல் நிற்கிறேன்.

மீனா: வாங்கிவிடுகிறேன் அத்தை.

அப்பா: டேப்பை எடுத்தாகிவிட்டதா. துடைக்கலாமா