டெக்சிஸ் மிட்நைட் ரன்னர்ஸ்: அந்த மூன்று குழல்களோடு பழகியவர்கள் வாங்க

பித்தளைக்காரன் எழுதியது:

டெக்சிஸுக்குத் தனியா ஒரு இழை வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. ஆரம்பிச்சாச்சு. ஒரே வேண்டுகோள்: "எனக்கு அப்போ பதினாறு வயசு" என்று தொடங்கும் புராணம் வேண்டாம். உட்கார்ந்து கேட்டவர்கள், வாசித்துப் பார்த்தவர்கள், இசைத்தட்டு தேடி அலைந்தவர்கள் எல்லாரும் இந்தப் பாட்டுகளில் எது எதிர்ப்படும், எங்கே இடறும், ஏன் இடறும் என்று எழுதுங்கள்.

முதல் கல்லை நானே வைக்கிறேன். 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பாடகர் கெவின் ரோலண்டும் கெவின் ஆர்ச்சரும் ஆரம்பித்த குழு இது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைதான் இவர்களுக்கு அடிப்படை. 1980 ஜூலையில் வந்த முதல் ஆல்பத்தில் ட்ரம்பெட் கிடையாது. டெனர் சாக்ஸ் ஜெஃப் ப்ளைத், ஆல்டோ சாக்ஸ் ஸ்டீவ் ஸ்பூனர், டிராம்போன் (ஸ்லைடை நீட்டி இழுக்கும் பித்தளைக் குழல்) 'பிக்' ஜிம் பேட்டர்சன். அவ்வளவுதான் படை. மெம்ஃபிஸ் சோல் பதிவுகளில் வேன் ஜாக்சனின் ட்ரம்பெட் மேலே, ஆண்ட்ரூ லவ்வின் டெனர் கீழே. அந்த ட்ரம்பெட்டின் பளபளப்புதான் காதில் முதலில் விழும். டெக்சிஸில் அந்த உச்சியே இல்லை. மூன்று குழலும் நடு ஸ்தாயியில் தோளோடு தோள் உரசி நிற்கும். அதனால்தான் சத்தம் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, சண்டைக்கு வருவது போல இருக்கிறது.

பாடி வாசிக்க நினைக்கும் குழுக்கள் செய்யும் முதல் தப்பும் இதுதான். ட்ரம்பெட்காரர் ஒருவர் சும்மா இருக்கிறாரே என்று ஆல்டோவின் வரியை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். சுரம் சரியாக வரும், குணம் போய்விடும். அவரை விட முடியாது என்றால் ட்ரம்பெட்டை விட மென்மையாக ஒலிக்கும் ஃப்ளூகல்ஹார்ன் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் கப் ம்யூட், அதாவது ட்ரம்பெட் வாயில் செருகி ஒலியை மழுக்கும் கிண்ணம்.

இந்த மூன்று குழலைத் தனியாகக் கேட்க முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டுக்குப் போங்கள். 'தி டீம்ஸ் தட் மீட் இன் கேஃப்ஸ்'. பாடகர் வாயே திறக்கமாட்டார், மெட்டு முழுக்கக் குழல்கள் கையில்.

ரீட் இரண்டரை எழுதியது:

அண்ணே, எழுதி வாசிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். தாளில் எழுதும் சுரமும் காதில் விழும் சுரமும் எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றில்லை. மூன்று வாத்தியம், மூன்று கணக்கு. டிராம்போனுக்கு எழுதினது அப்படியே ஒலிக்கும். டெனருக்கு 14 அரைச்சுரம் மேலே எழுதணும், ஆல்டோவுக்கு 9 அரைச்சுரம் மேலே. பியானோவில் சி அடித்தால், அதே சுரத்துக்கு டெனர்காரர் தாளில் டி இருக்கும், ஆல்டோகாரர் தாளில் ஏ இருக்கும்.

இது தெரிஞ்ச கதைதான். எல்லாரும் மாட்டுவது இவங்களோட 1982 ஹிட் பாட்டு 'கம் ஆன் ஐலீன்' வரும்போது. சரணம் சி மேஜர், பல்லவி டி மேஜர். டெனருக்குச் சரணத்தில் 2 ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றும் குறி), பல்லவியில் 4. ஆல்டோவுக்குச் சரணத்தில் 3, பல்லவியில் 5. அதாவது ஆல்டோகாரர் பி மேஜரில் ஓட வேண்டும். ஏ ஷார்ப்புக்கு சைடு கீயா, பிஸ் கீயா (ஒரே சுரத்துக்கு இரண்டு விரல் வழி) என்று முன்கூட்டியே முடிவு பண்ணலைன்னா விரல் நடுவில் மாட்டிக்கொள்ளும். பென்சிலால் தாளில் குறித்து வைங்க.

"அரைச்சுரம் இறக்கிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். இறக்கினால் ஆல்டோவுக்குப் பல்லவியில் வெறும் 2 ஃப்ளாட் (அரைச்சுரம் இறக்கும் குறி), சொர்க்கம். ஆனால் வயலின்காரர் அடிக்க வருவார். ஜி, டி, ஏ, ஈ என்று அவருடைய திறந்த தந்திகள் நாலும் டி மேஜருக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் பல்லவி அப்படித் துள்ளுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆல்டோகாரர்தான் உழைக்கணும், வேற வழியில்லை.

ஒலிப்பெட்டி எழுதியது:

சுருதி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. குழல்கள் தங்களுக்குள் ட்யூன் செய்துகொண்டு மேடையேறுவதில் பயனில்லை. இந்தப் பாட்டுகளில் ஆர்கன் முக்கியம், ஆர்கனை முறுக்கி மாற்ற முடியாது. ஆகவே எல்லாரும் ஆர்கனுக்குப் பணிய வேண்டும்.

பழைய ஹம்மண்ட் வகை டோன்வீல் ஆர்கன் (சுழலும் சக்கரங்களால் ஒலி எழுப்புவது) கிடைத்தால் இன்னொரு கண்ணி உண்டு. அதன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. ஜெனரேட்டரில் ஓட்டும்போது 50 ஹெர்ட்ஸ் 49-க்கு இறங்கினால் ஆர்கன் சுருதி சுமார் 35 சென்ட் (100 சென்ட் ஒரு அரைச்சுரம்) கீழே போய்விடும். அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குழல்காரர்களைத் திட்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்.

மற்றபடி வெப்பம். காற்று 1 டிகிரி சூடேறினால் குழல் வாத்தியத்தின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறப் பார்க்கும். பின்னறையில் ட்யூன் செய்துவிட்டு, விளக்கு கொளுத்தும் மேடையில் வந்து நின்றால் இரண்டாம் பாட்டிலேயே மூவரும் மேலே போயிருப்பார்கள். முதல் பாட்டு முடிந்ததும் ஆர்கனில் ஒரு சுரம் வாங்கி மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது. சாக்ஸுக்கு மவுத்பீஸை நெக் கார்க்கில் கொஞ்சம் வெளியே இழுக்கணும், டிராம்போனுக்கு ட்யூனிங் ஸ்லைடை.

மைக் வைப்பதில் ஒரு பழைய தவறு: சாக்ஸின் பெல்லுக்குள்ளேயே, அதாவது விரிந்த வாய்க்குள்ளேயே, மைக்கைச் சொருகுவது. அடிச்சுரங்கள்தான் பெல் வழியாக முழுக்க வரும், மற்றவை விரல் துளைகள் வழியாகக் கசியும். பெல்லில் சொருகினால் சில சுரம் இடிக்கும், சில சுரம் காணாமல் போகும். ஒரு முழம் தள்ளி, பெல் விளிம்புக்கும் இடது கைச் சாவிகளுக்கும் நடுவில் குறி வையுங்கள். டிராம்போனுக்கு நேர் எதிர்: எல்லாம் பெல் வழியாகத்தான் வரும், ஆனால் நேர்க்கோட்டில் வைத்தால் காது கிழியும். சற்று ஓரமாகத் திருப்புங்கள்.

தட்டுக்கடை எழுதியது:

முதல் ஆல்பத்தை வினைலில் புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஊசி இறங்கியதும் கரகரவென்று இரைச்சல் வரும். பிரஷ்ஷை எடுக்காதீர்கள்! அது தூசி இல்லை, ரேடியோவைத் திருகும் சத்தம். இரைச்சலுக்கு நடுவே டீப் பர்ப்பிள், செக்ஸ் பிஸ்டல்ஸ், ஸ்பெஷல்ஸ் பாட்டுத் துண்டுகள் எட்டிப் பார்க்கும். அவற்றை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள், குழல்கள் பாயும். மற்ற எல்லாரையும் அணைத்துவிட்டு நாங்கள் வருகிறோம் என்று இதைவிடத் திமிராக ஒரு ஆல்பம் ஆரம்பித்து நான் கேட்டதில்லை. செகண்ட் ஹேண்ட் கடையில் சோதிக்கும்போது அதனால் முதல் பாட்டை வைத்துத் தட்டின் நிலையை முடிவு செய்யாதீர்கள்; ஏதாவது மெதுவான பாட்டின் அமைதியான இடத்தில் ஊசியை வையுங்கள்.

திமிர் என்றதும் நினைவு வருகிறது. அந்த ஆல்பத்தின் மாஸ்டர் டேப்பை (மூலப் பதிவை) குழுவே தூக்கிக்கொண்டு போய் மறைத்து வைத்தது, இசைத்தட்டு நிறுவனம் ஈஎம்ஐ நல்ல ராயல்ட்டி தரும் வரைக்கும். பத்திரிகைகளுக்குப் பேட்டி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, அதே பத்திரிகைகளில் காசு கொடுத்து முழுப்பக்க விளம்பரமாகத் தங்கள் கட்டுரைகளைப் போட்டார்கள். சின்ன வயசு ரசிகர்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

பிராட் ஸ்ட்ரீட் எழுதியது:

வணக்கம். நான் பர்மிங்காம் பக்கம் இருக்கிறன். இங்கத்தைய ஆக்கள் இந்தக் குழுவை ஏன் விடாமப் பிடிச்சிருக்கினம் எண்டு கேட்டால், பாடகரோட சேர்த்துக் குழல்காரரையும் பேர் சொல்லித் தெரியும் எண்டதுதான் என்ர பதில். வேற எந்தக் குழுவில டிராம்போன்காரருக்கு இவ்வளவு மரியாதை?

1980 மே மாதம் 'ஜீனோ' இங்க முதலாம் இடம். 60-களில இங்கிலாந்தின்ர கிளப்புகளைக் கலக்கின ஜீனோ வாஷிங்டனுக்கான பாட்டு அது. அமெரிக்க விமானப்படையில இருந்து இங்க வந்தவர் அவர். ப்ளைத் அவரோட குழுவில வாசிச்சவர். ஆகவே அந்த டெனர் வரி கேள்விப்பட்டு எழுதினதில்லை, பக்கத்தில நிண்டவரோட மூச்சு.

அதே வருசக் கடைசியில குழு உடைஞ்சுது. ப்ளைத், ஸ்பூனர் எல்லாரும் போய் 'தி பியூரோ' எண்டு துவங்கினவை. அவையின்ர ஆல்பம் அந்த நேரம் இங்க வெளிவரேல்லை, 2005-ல தான் வந்தது. பேட்டர்சன் மட்டும் ரோலண்டோட நிண்டார். 1981-ல பால் ஸ்பியர் டெனர், பிரையன் மாரிஸ் ஆல்டோ. கவனியுங்கோ, திரும்பவும் ட்ரம்பெட் இல்லை. அந்த வருசம் எல்லாரும் சேர்ந்து ஓடி உடற்பயிற்சி செய்து, குடியை ஒதுக்கி வச்சு, நவம்பரில லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்கில நிகழ்ச்சி செய்தவை. மூண்டு பேரும் ஒரே நேரம் மூச்செடுத்து ஒரே நேரம் நிப்பாட்டுறது சும்மா வராது.

1982-ல குழல்காரர் விலகினதும் 'டிகேஓ ஹார்ன்ஸ்' எண்டு பேர் வச்சு, அடுத்த வருசம் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின்ர ஆல்பத்தில வாசிச்சவை. அதில பேட்டர்சனும் ஸ்பியரும் ப்ளைத்தும் ஒண்டா. டெக்சிஸின்ர ரெண்டு காலத்துக் குழலையும் ஒரே இடத்தில கேக்க வேணுமெண்டா அங்க போங்கோ.

கடலைமிட்டாய் எழுதியது:

எல்லாம் சரி, வயலின் வந்ததோட குழல் செத்துப்போச்சுன்னு ஏன் யாரும் சொல்லமாட்டேங்கறீங்க? 'கம் ஆன் ஐலீன்' இருக்கற 'டூ-ரை-ஏ' ஆல்பத்தை நான் சோல் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன்.

பித்தளைக்காரன் எழுதியது:

கடலைமிட்டாய் தம்பி, பாதி சரி. வயலின் யோசனையே கெவின் ஆர்ச்சர் தன்னுடைய 'ப்ளூ ஆக்ஸ் பேப்ஸ்' குழுவில் செய்துகொண்டிருந்ததிலிருந்து வந்தது. ரோலண்டே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஹெலன் ஓஹாராவும் மற்ற வயலின்காரர்களும் வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். நீண்ட வில் இழுத்து உருக்குவது குறைவு. குழல்கள் செய்த வேலையை, அந்த வெட்டி வெட்டி விழும் பதில் வரியை, வில்லால் செய்கிறார்கள். சோல் இசையின் எலும்பு அப்படியே இருக்கிறது, தோல்தான் அயர்லாந்துப் பக்கம் போயிருக்கிறது. குழல்களும் ஓடிவிடவில்லை, ஒரு அடி பின்னால் நிற்கின்றன.

அடுத்து 'கம் ஆன் ஐலீன்' பாட்டை வாசிக்கப் போகிறவர்களுக்கு. 1982 ஆகஸ்டில் நாலு வாரம் இங்கிலாந்தில் முதலிடம், 1983 ஏப்ரலில் அமெரிக்காவில் முதலிடம். ஆகவே கூட்டத்துக்கு ஒவ்வொரு மாத்திரையும் மனப்பாடம். நடுவில் வேகம் தடாலென்று இறங்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே ஏறி வரும் இடத்தில்தான் குழுக்கள் கவிழ்கின்றன. காரணம், டிரம்மர் ஆசையில் பாதியிலேயே உச்ச வேகத்துக்குப் போய்விடுவார். பிறகு ஏற இடமில்லை, பல்லவி வந்து விழும்போது சப்பென்று இருக்கும்.

செய்ய வேண்டியது: முதலில் பல்லவியின் முழு வேகத்தை மெட்ரோனோமில் பிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தை அதில் பாதிக்குச் சற்று மேலே தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்றில் ஏறவே கூடாது. ஏற்றத்தை டிரம்மர் அல்ல, பாடகர் நடத்த வேண்டும். எல்லாரும் அவருடைய காலைப் பார்க்க வேண்டும். கிளிக் ட்ராக் (மாறாத வேகத்தில் தட்டும் ஒலி) போட்டு ஒத்திகை பார்த்தால் இந்த ஒரு இடத்துக்காகவே அது வீண்.

ரீட் இரண்டரை எழுதியது:

அந்த இடத்தில் டிராம்போன்காரருக்கு இன்னொரு தொல்லை அண்ணே. மெதுவா இருக்கும்போது சுகமா இருக்கும் வரி, வேகம் ஏறினதும் ஸ்லைடு தூரமாகிவிடும். கீழே உள்ள பி ஃப்ளாட் ஸ்லைடின் முதல் நிலை (முழுக்க உள்ளே இழுத்தது), அதற்கு அரைச்சுரம் மேலே பி வேணும்னா ஏழாவது நிலை. கை முழுக்க நீட்டணும். நடு ஸ்தாயிக்குப் போனால் சுரங்கள் நெருங்கி வரும், முதல் நாலு நிலைக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். வரியை எழுதும்போது இதைப் பார்த்து எழுதினால் போதும்.

தட்டுக்கடை எழுதியது:

வாங்குகிறவர்களுக்குக் குழப்பம் தரும் இரண்டு விஷயம். 'டூ-ரை-ஏ' 1982-ன் மூலப் பதிப்பு ஒன்று, 2022-ல் வந்த மறுகலவை ஒன்று. இரண்டாவதன் பெயரிலேயே "இப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பழக்கப்பட்ட காதுக்கு அது முதலில் உறுத்தும். பழையதை மாற்றிப் புதியதை வைக்காதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

1985-ன் 'டோன்ட் ஸ்டாண்ட் மீ டவுன்' விற்பனையில் படுத்துவிட்டது. மொத்தம் ஏழே பாட்டு, அதில் ஒன்று 12 நிமிடம், நடுவில் இரண்டு பேர் டீக்கடைப் பேச்சுப் போலப் பேசிக்கொண்டிருப்பார்கள். ரசிகர்கள் இன்று நெஞ்சில் வைத்துக் கும்பிடுவது இதைத்தான். 2002-ல் வந்த 'டைரக்டர்ஸ் கட்' பதிப்பை எடுங்கள். முதல் தடவை கேட்கும்போது பாதியில் நிறுத்தத் தோன்றும். வேறு வேலை செய்துகொண்டே ஓடவிட்டால் வெறும் அரட்டையாகக் கேட்கும். பேச்சு முடிந்து பாட்டு வெடிக்கும் இடம் தவறிவிடும்.

பிராட் ஸ்ட்ரீட் எழுதியது:

நேரில பாக்கப் போறவைக்கு ஒரு குறிப்பு. இப்ப பேர் வெறும் 'டெக்சிஸ்' எண்டு சுருங்கிட்டுது. 2012-ல வந்த ஆல்பத்தையும் 2023-ல வந்த 'தி ஃபெமினின் டிவைன்' ஆல்பத்தையும் மேடையில நாடகம் மாதிரி முழுசா வாசிச்சுப் போட்டுத்தான் பழைய பாட்டுக்கு வந்தவை. ஆகவே புது ஆல்பத்தை முதலே ரெண்டு மூண்டு தரம் கேட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டி முதல் ஒரு மணித்தியாலம் முழிச்சுக்கொண்டு இருப்பியள். முதல் பாதியிலேயே "ஐலீன், ஐலீன்" எண்டு கத்துற ஆக்களைப் பக்கத்தில இருக்கிற பழைய ரசிகர்கள் முறைப்பினம். 2022 ஆகஸ்டில பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி நிறைவு விழாவில அந்தப் பாட்டோட வந்தபோது மட்டும் ஒருத்தரும் காத்திருக்கத் தேவைப்படேல்லை.

கடலைமிட்டாய் எழுதியது:

சரி, பின்வாங்கறேன், ஆனா பாதிதான். பித்தளைக்காரன் அண்ணே, எங்ககிட்ட இருக்கறது ஒரு டெனரும் ஒரு டிராம்போனும் மட்டும்தான். ஆல்டோ இல்லாமல் 'ஜீனோ' எடுக்கலாமா?

பித்தளைக்காரன் எழுதியது:

எடுக்கலாம். மூணு சுர கார்டைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் வாசிக்காதீர்கள், ஓட்டையாகத் தெரியும். மெட்டு வரியை இருவரும் ஒரே சுரத்தில், டிராம்போன் ஒரு ஸ்தாயி கீழே. கார்டின் மூணாவது சுரத்தை ஆர்கன்காரர் வலது கையில் பிடிக்கட்டும். வரி முடியும் இடத்தில் இருவரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். எந்த மாத்திரையில் நாக்கை வைத்து அடைப்பது என்று பேசி, தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆல்டோ கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், மூன்றாவது வரியை அனுப்புகிறேன்.