ஸ்கிரீன்ஷாட்டில் குறி போடாத டிக்கெட்டைத் திருப்பி அனுப்பலாமா?

சோதனைச்சாவடி:
மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு சின்ன டீம், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். பக் டிக்கெட்டோடு, அதாவது மென்பொருள் பிழையைச் சொல்லும் புகாரோடு, வரும் படத்தில் கட்டமோ அம்புக்குறியோ இல்லையென்றால் திருப்பி அனுப்புவது என்று நான் விதி போட்டதிலிருந்து டெவலப்பர்கள் முறைக்கிறார்கள். மாசி வீதிக் கடைகளிலிருந்து என்ன வருகிறது தெரியுமா? மானிட்டரைச் செல்போனில் சாய்வாகப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, கீழே "சார் இது வரல". எது வரல? திரை முழுக்கப் பெட்டிகள். சுங்குடிச் சேலை வரிசையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, "இங்கே ஜிஎஸ்டி 5% வரணும், 18% காட்டுது" என்று பக்கத்தில் எழுதினால் அரை நாள் போன் பேச்சு மிச்சம்.

பேக்கெண்ட்_பாண்டி:
உங்கள் டீம் இல்லை, ஆனாலும் முறைக்கிறேன். வட்டம் போட்டவர் தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார், அதுதான் சிக்கல். என்ன செய்தார், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்த வெர்ஷன், இதெல்லாம் எழுத்தில் வேண்டும். பிழைச் செய்தியைப் படமாகக் கொடுத்தால் பழைய டிக்கெட்டுகளில் அதைத் தேடவே முடியாது. விண்டோஸின் வழக்கமான செய்திப் பெட்டியில் கன்ட்ரோல்-சி அடித்தாலே தலைப்பும் செய்தியும் எழுத்தாகக் காப்பி ஆகிவிடும், அதைச் செய்ய ஆளில்லை.

இன்னொன்று. "கௌரி என்று தேடினால் வாடிக்கையாளர் வரவில்லை" என்று ஒரு டிக்கெட். தேடல் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம், பட்டியலில் இருக்கும் பெயரைச் சுற்றி இன்னொரு வட்டம், நடுவில் அம்பு. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எழுத்தைக் காப்பி செய்து வாங்கிப் பார்த்தால், பட்டியலில் இருந்தது ஔகாரக் குறி இல்லை, 'கெ' அடித்து அதன் பக்கத்தில் ளகரம் அடித்திருக்கிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. எத்தனை வட்டம் போட்டாலும் அந்தப் படத்தில் அது தெரியப்போவதில்லை.

திருநகர்க்காரி:
பாண்டி அண்ணே, கௌரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு நேர் எதிராகவும் ஒன்று இருக்கிறதே. திரையில் வரியின் உயரத்தை இங்கிலீஷ் எழுத்துக்கு அளந்து வைத்துவிடுகிறார்கள், தமிழில் மேல்விலங்கின் சுழி வெட்டுப்பட்டு, 'மீதி' என்பது 'மிதி' மாதிரி நிற்கிறது. அதைக் காப்பி செய்து அனுப்பினால் 'மீதி' என்று சுத்தமாகத்தான் வரும், நீங்களும் "எனக்குச் சரியாகத்தானே வருகிறது" என்று டிக்கெட்டை மூடிவிடுவீர்கள். படம் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது? படம் மட்டும் இருந்தாலும் அவசரத்தில் பார்க்கிறவர் கண் அந்தச் சுழிக்குப் போகாது, குறி அதற்குத்தான்.

குறி போடத் தெரியாமல் போடுகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிழை மேலேயே தடித்த கோடு இழுத்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடுகிறார்கள். கட்டம் கொஞ்சம் தள்ளி வெளியே இருக்கட்டும். சிவப்பு பட்டன் மேல் சிவப்பு அம்பு வேண்டாம், சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் டீமில் இருக்கலாம், அதனால் நிறத்தை நம்பாமல் 1, 2, 3 என்று எண் போடுவது நல்லது. திரையைப் படம் எடுக்கும் கிரீன்ஷாட், பிளேம்ஷாட் இரண்டு மென்பொருளிலும் சொடுக்கச் சொடுக்க எண் தானாக ஏறும் வசதி உண்டு, விண்டோஸில் இரண்டும் இலவசம். குறி போடாத மூலப் படத்தையும் கூடவே இணைத்துவிட வேண்டும்.

பேக்கெண்ட்_பாண்டி:
சுழி வாதம் சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். மூலப் படம் சேர்ந்து வந்தால் பாதிச் சண்டை இல்லை. ஆனால் இந்த மாதிரி விதி வந்தாலே எல்லாரும் கட்டம் போட்ட இடத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள் பாருங்கள். முகவரிப் பட்டை போச்சு, கீழ் மூலைக் கடிகாரம் போச்சு. எனக்கு அந்த மணிதான் முக்கியம், சர்வர் லாகில், அதாவது சர்வர் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவில், எந்த நிமிஷத்தைப் பார்ப்பது என்று அதுதான் சொல்லும்.

சோதனைச்சாவடி:
வெட்டச் சொன்னது யார்? முழுத்திரையில் குறி என்றுதான் விதியில் இருக்கிறது.

பூக்கடை_பில்லு:
இந்த மாதிரி மென்பொருளை வைத்து மாட்டுத்தாவணியில் வியாபாரம் பார்க்கிறவன் நான். முகூர்த்த நாள் காலையில் மல்லிகை எடை போட ஆள் நிற்கும்போது எண் போட்டு அம்பு விடச் சொல்கிறீர்களே. அது கிடக்கட்டும், முழுத்திரை அனுப்பினால் என் வாடிக்கையாளர் போன் நம்பர், பாக்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கிறதே, அது எங்கெங்கே போகும்?

திருநகர்க்காரி:
கேட்க வேண்டிய கேள்வி அண்ணாச்சி. நம்பரை மங்கலாக்கி அனுப்புவது போதாது. எழுத்துருவும் அளவும் தெரிந்தால், ஒவ்வொரு எண்ணையும் அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம், பத்தே எண்கள்தானே. முழுக் கறுப்புப் பட்டை போட்டு, படமாகச் சேமிக்க வேண்டும். வேர்டு கோப்பில் ஒட்டி அதன் மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் யாரும் அதை நகர்த்திப் பார்க்கலாம். வெட்டியதாவது போய்விடும் என்று நம்பினால், 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போனில் படத்தை வெட்டிக் குறி போடும் மார்க்கப் கருவியில் வெளிவந்த ஓட்டை அதையும் கெடுத்தது. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதும்போது மிச்சத்தை நறுக்காமல் விட்டிருந்தது, வெட்டிப்போட்ட பகுதியில் கொஞ்சத்தை மீட்க முடிந்தது. திரையைப் படம் எடுக்கும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே கதை. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், முன்னால் அனுப்பிய படங்கள் போனது போனதுதான்.

பேக்கெண்ட்_பாண்டி:
அதனால்தான் சொல்கிறேன், கடைக்காரர் நாலு வரி எழுதட்டும், இல்லை வாய்ஸ் நோட் போடட்டும், குறி போடுவதை சப்போர்ட் ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சோதனைச்சாவடி:
பிழையைப் பார்க்காதவர் போடும் வட்டம் வெறும் ஊகம், பாண்டி. தப்பான பெட்டியில் வட்டம் இருந்தால் நீங்களும் அங்கேதான் தோண்டுவீர்கள். கடைகளுக்குத் தளர்த்துகிறேன், அவர்கள் விரலால் கோணலாக ஒரு கோடு கிழித்து, படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் போதும், எழுத்து கலங்காமல் வரும். மூலப் படமும் நாலு வரியும் விதியில் சேரும். டீமுக்குள்ளிருந்து வரும் டிக்கெட்டில் குறி இல்லையென்றால் திருப்பித்தான் அனுப்புவேன்.

பேக்கெண்ட்_பாண்டி:
அனுப்புங்கள். நாலு வரி இல்லாததை நான் திருப்புகிறேன்.