பொழுதுபோக்குக்குப் பறக்க ஆர்பிஎல் போதுமா, பிபிஎல் எடுக்க வேண்டுமா?

வேளச்சேரி செந்தில்:
வணக்கம். வயது 41, ஐடி வேலை. பைலட் வேலைக்குப் போகும் எண்ணமில்லை, லீவு நாளில் சின்ன விமானம் ஓட்ட ஆசை. அடுத்த வருடம் மூன்று மாதம் மெல்பர்னில் தங்கை வீட்டில் இருப்பேன். அங்கே 25 மணி நேரப் பயிற்சியில் ரெக்ரியேஷனல் பைலட் லைசென்ஸ், அதாவது ஆர்பிஎல், எடுக்கலாமாம். அதை வைத்துச் சென்னையில் ஓட்ட முடியுமா? பிரைவேட் பைலட் லைசென்ஸ், அதாவது பிபிஎல்தான் வேண்டுமென்றால் அந்த 25 மணி நேரமும் வீணா? கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன்.

குரோம்பேட்டை பாலா:
முடியாது சார். நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விதியில் ஆர்பிஎல் என்ற பிரிவே கிடையாது. பிபிஎல், ஐசிஏஓ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் வருவது. ஆர்பிஎல் அந்தந்த நாடு தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. அதனால்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் குறைந்தது 30 மணி நேரம், கூட ஒரே ஒரு பயணி, பகலில் மட்டும். ஆஸ்திரேலியாவில் தனியாக நேவிகேஷன், அதாவது வழி கண்டு ஓட்டும் பயிற்சி முடிக்கும்வரை கிளம்பிய இடத்திலிருந்து 25 நாட்டிக்கல் மைல், சுமார் 46 கி.மீ.தான். மீனம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் எட்டும், பாண்டிச்சேரி எட்டாது.

ஆனால் அந்த மணி நேரம் வீணில்லை. அங்கேயே பிபிஎல் வரை போனால் கணக்கில் சேரும். இங்கே எடுப்பதென்றால் 17 வயது, பத்தாம் வகுப்பு, கிளாஸ் 2 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சோதனை, தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரம். அதில் தனியாக 150 நாட்டிக்கல் மைல் போய், வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறுவதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வரைபடம், காற்று, எரிபொருள் எல்லாம் நீங்களே கணக்குப் போட்டுப் போவீர்கள். ஆசைக்காக ஓட்டுபவருக்கும் அந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பேன்.

தாம்பரம் கவிதா:
பாலா அண்ணா சொன்னது சரி. செந்தில் சார், ஃபீஸ் கட்டுமுன் மெடிக்கலை முடித்துவிடுங்கள். கண்ணாடி பிரச்சினையில்லை, அதைப் போட்டுக்கொண்டு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக் குருடு இருக்கிறதா என்பதைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, 40 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். பலருக்கு அதற்கு மேலேயே ஆகும். பணத்தையும் நாட்களையும் அப்படியே ஒதுக்குங்கள். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வகுப்பு அடிக்கடி தள்ளிப்போகும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று புகுந்து காற்றின் திசையை மாற்றிவிடும், காலை நேரமாகக் கேளுங்கள்.

வேளச்சேரி செந்தில்:
ரொம்ப நன்றி. அப்படியானால் மெல்பர்னில் ஆர்பிஎல்லோடு நிறுத்தாமல் பிபிஎல் வரை போய்விட்டு, இங்கே வந்து இந்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாமா?

குரோம்பேட்டை பாலா:
அதுதான் நல்ல வழி. ஆனால் மாற்றும்போது இங்கே ஏர் ரெகுலேஷன்ஸ், அதாவது விமானப் போக்குவரத்து விதிகள் பற்றிய தேர்வு எழுத வேண்டியிருக்கும், இப்போதே படிக்க ஆரம்பியுங்கள். பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் பயிற்சியாளர் கையெழுத்து விடுபடாமல் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் முடியாவிட்டாலும் அந்தப் பதிவுகள் கையில் இருக்கும்.