500 மிமீ மிரர் லென்ஸில் ஒரு படமும் தேறவில்லை, எங்கே பிழை?

கேள்வி (கல்லடி)

வணக்கம். பழைய 500 மிமீ எஃப் 8 (வெளிச்சம் நுழையும் துவார அளவு) மிரர் லென்ஸ் (உள்ளே கண்ணாடிகளால் வெளிச்சத்தை மடக்குவது) ஒன்று கைமாறி வாங்கினேன். கமரா ஏபிஎஸ்-சி (சென்சர் சின்னது), உள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறது. காலையில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் வலை வீசுகிறவர்களையும் கொக்குகளையும் எடுக்கிறேன். நேற்று எழுபது படம், ஒன்றுகூடக் கூர்மையில்லை. ட்ரைபொட்டில் வைத்தும் அதே நிலைதான். ஷட்டர் வேகம் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு) 200. கொக்கு தூரத்தில்தானே நிற்கிறது என்று போக்கஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி வைத்து எடுத்தேன். லென்ஸ் பழுதா? காசு சேர்த்து வாங்கியது, மனம் கேட்கவில்லை.

பதில் (பொத்துவில் நானா)

தம்பி, லென்ஸில் குறை சொல்லுமுன் ஒரு படத்தைப் பெரிதாக்கி, கொக்கின் காலடியில் தண்ணீர் மினுங்கும் இடத்தைப் பாருங்கள். இந்த லென்ஸின் முகப்பு நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்று சின்னதாக வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் போக்கஸ் தப்பிய புள்ளி உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும். காலடியிலேயே வடை தெரிந்தால் போக்கஸ் பிழை. புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் கோடாக இழுபட்டிருந்தால் நடுக்கம். இரண்டும் சேர்ந்தும் வரும்.

வளையத்தைக் கடைசி வரை திருப்பியது நிச்சயம் பிழை. சூட்டுக்கும் குளிருக்கும் லென்ஸ் விரிந்து சுருங்கும் என்பதால், முடிவிலியையும் (மிகத் தொலைவில் இருப்பது கூர்மையாகும் இடம்) தாண்டித் திரும்பும்படிதான் இவற்றைச் செய்வார்கள். அந்த முட்டில் வைத்தால் நிலவுகூட மங்கலாகவே வரும். திரையைப் பெரிதாக்கி, கொக்கின் கண்ணைப் பார்த்துக்கொண்டு மெல்லத் திருப்புங்கள். கூர்மை வந்து கலையும் வரை போய், கொஞ்சம் திரும்பி வாருங்கள். 20 மீற்றரில் நிற்கும் பறவைக்குக் கூர்மை விழும் ஆழம் அரை மீற்றர் அளவுதான்.

கையில் பிடித்து எடுக்க 1/250 போதாது. உங்கள் சென்சரில் இது 750 மிமீ போலத்தான் பார்க்கும், 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். எஃப் 8 மாறாது, ஆகவே ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும். காலை வெளிச்சத்துக்கு 800 வைத்துப் பாருங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தால் வரட்டும், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்

நன்றி நானா. பார்த்தேன், வடையும் இருக்கிறது, கோடும் இருக்கிறது. ஆனால் ட்ரைபொட்டில் வைத்த படத்திலும் ஏன் கோடு?

பதில் (மட்டக்களப்பு)

பாலம்தான் காரணம். பஸ்ஸோ லொறியோ போகும்போது கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு கைக்குத் தெரியும். அதே அதிர்வு ட்ரைபொட் கால் வழியாக ஏறுகிறது. கீழே வாவிக் கரையில் மண்ணில் ஊன்றுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கமரா வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடத்தாலே படம் அசையும். கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள்.

இன்னொன்று, இந்த லென்ஸ் தன் குவிய நீளம் 500 மிமீ என்று கமராவுக்குச் சொல்லாது. நடுக்கத் தடுப்பு மெனுவில் நீங்களே 500 என்று போட வேண்டும், 750 அல்ல. ட்ரைபொட்டில் அதை நிறுத்திவிடுங்கள்.

கச்சான் (மேற்கிலிருந்து வரும் சூடான காற்று) வீசும் நாளில் பத்து மணிக்குப் பிறகு முயலாதீர்கள். தண்ணீருக்கு மேல் சூடான காற்று நெளியும், எந்த லென்ஸிலும் கூர்மை வராது.

பதில் (பொத்துவில் நானா)

நான் குமணைப் பறவைகள் சரணாலயத்தில் ஜீப்பிலிருந்து எடுப்பவன். ட்ரைபொட் கொண்டு போவதே இல்லை. துணிப்பையில் முக்கால்வாசிக்கு நெல் நிரப்பித் தைத்து, ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதில் அமுக்கி வைப்பேன். எஞ்சினை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். இந்த லென்ஸ் கட்டை, பாரமும் குறைவு. பாரமான லென்ஸ் தன் எடையாலேயே கொஞ்சம் அடங்கி நிற்கும், இது நிற்காது. அதனால் மேலே இடது உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டு, மூச்சை விட்டு முடிக்கும்போது எடுங்கள். மூன்று நான்காகத் தொடர்ந்து எடுத்தால் நடுவில் ஒன்று நன்றாக வரும்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை கரையில் இறங்கி, வெயிலை முதுகில் விட்டு எடுத்தேன். மெனுவில் 50 என்று கிடந்தது, 500 ஆக்கினேன். அம்மாவிடம் கேட்டு அரிசிப் பை ஒன்று தைத்து, கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் வைத்தேன். 1/1000, ஐஎஸ்ஓ 800. நாற்பதில் பதினொன்று தேறியது. ஒன்றில் கொக்கின் அலகு நுனியில் தொங்கும் தண்ணீர்த் துளி வரை தெரிகிறது, பின்னால் வாவி முழுக்க வடை. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.