'கிராவிட்டி அசிஸ்ட்': தமிழில் ஒரு சொல் வேண்டும், அவசரம்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் நூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இயக்கம், ஆற்றல், ஈர்ப்பு பற்றிய அதிகாரம் ஏறக்குறைய முடிந்தது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

வாயேஜர் 2 விண்கலம் 1977இல் கிளம்பி, 1979இல் வியாழன், 1981இல் சனி, 1986இல் யுரேனஸ், 1989இல் நெப்டியூன் என்று நான்கு கோள்களையும் கடந்து போனது. ஒவ்வொரு கோளின் ஈர்ப்பும் அதன் பாதையைத் திருப்பி அடுத்த கோளின் பக்கம் அனுப்பியது. இதைத்தான் கிராவிட்டி அசிஸ்ட் என்கிறார்கள். 'ஈர்ப்பு உதவி' என்று எழுதிப் பார்த்தேன். விண்ணப்பம் போட்டு வாங்கும் உதவித்தொகை மாதிரி ஒலிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, 'ஈர்ப்புக் கவண்' என்று போடுங்கள். வினையாக வேண்டுமென்றால் 'கவண்வீச்சு'. தினைப்புனம் காத்தவர்கள் கல்லை வைத்துச் சுழற்றி விட்ட கருவி அது. குறிஞ்சிப்பாட்டு கிளியோட்டும் கருவிகளைச் சொல்லும்போது 'தழலும் தட்டையும் குளிரும் பிறவும்' என்று அடுக்குகிறது. அந்தப் 'பிறவும்' என்பதற்குள் கவணும் இருக்கிறது என்பது என் எண்ணம். குளிர் என்ற பெயர் ஒரு கருவிக்கு எப்படி வந்தது என்பதைத் தனியாக எழுத ஆசை. அது இருக்கட்டும். இரண்டாயிரம் ஆண்டாக நம் கையில் இருக்கும் பொருள் கவண். பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும், விளக்கம் தேவைப்படாது என்பதுதான் எனக்குச் சிக்கல். வகுப்பில் கவண் என்று சொல்லித்தான் நானும் நடத்தினேன். அப்புறம் விடைத்தாளைத் திருத்தினால், ஒரு மாணவி வியாழனைச் சுற்றி மூன்று வட்டம் போட்டு, மூன்றாவது வட்டத்தின் நுனியிலிருந்து கலத்தைப் பறக்கவிட்டிருந்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் வேகம் 1, வேகம் 2, வேகம் 3 என்று பெருகிக்கொண்டே போகிறது. தப்பு அவளுடையது அல்ல. கவண் அப்படித்தான் வேலை செய்யும். சுழற்றச் சுழற்றக் கை ஆற்றலைக் கொடுக்கும். விண்கலம் கோளைச் சுற்றுவதே இல்லை. வருகிறது, ஒரு முறை வளைகிறது, போய்விடுகிறது.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடத்தின் உயிர். அது ஈர்ப்பிலிருந்து வருவதில்லை. கோளை நோக்கி விழும்போது கிடைக்கும் வேகத்தை, விலகி ஏறும்போது அதே ஈர்ப்பு திரும்ப வாங்கிக்கொள்ளும். கோளிலிருந்து பார்த்தால், கலம் தூரத்திலிருந்து என்ன வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில்தான் விலகிப் போகும். திசை மட்டும் மாறியிருக்கும்.

ஒரு கணக்கு. வியாழன் சூரியனை நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வியாழனிலிருந்து பார்க்க, அதன் போக்குக்குச் செங்குத்தாக ஒரு கலம் நொடிக்கு 10 கிலோமீட்டரில் வருகிறது என்று வையுங்கள். சூரியனிலிருந்து பார்த்தால் அதன் வேகம் 16.4 கிலோமீட்டர். வியாழன் அதைச் செங்கோணமாகத் திருப்பித் தன் போக்கிலேயே அனுப்பினால், வியாழனுக்கு அது இன்னும் 10தான். சூரியனுக்கோ 13ம் 10ம் சேர்ந்து 23. கூடிய வேகம் வியாழனின் ஓட்டத்திலிருந்து வந்தது. வியாழன் அந்த அளவுக்கு ஆற்றலை இழந்தது. எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது என்றாலும் இழந்தது. ஓடாத கோளிடம் போனால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வேகம் கூட்டுவதற்கு மட்டுமல்ல, குறைப்பதற்கும் இதே வழிதான். கோளின் பின்பக்கமாகக் கடந்தால் கூடும், முன்பக்கமாகக் கடந்தால் குறையும். 1974இல் மரைனர் 10 வெள்ளியைக் கடந்து வேகம் குறைந்துதான் புதன் பக்கம் போனது. 2018இல் கிளம்பிய பார்க்கர் ஆய்வுக்கலம் ஏழு முறை வெள்ளியைக் கடந்து, ஆற்றலை இழந்து இழந்து சூரியனை நெருங்கியது. வேகத்தைக் குறைக்கும் கவண் உண்டா? 'உந்து' என்று வரும் சொற்களுக்கும் இதே கேள்விதான்.

இலங்கைப் பொறியியலாளர் எழுதியது:

அம்மா சொன்னதில் 'வேகம்' என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு நிமிடம் தடக்கியது. எங்களுக்குத் திசையோடு சேர்ந்தது வேகம், திசையில்லாதது கதி. உங்களுக்குத் திசையில்லாதது வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம். உங்கள் ஆற்றல் எங்களுக்குச் சக்தி, உங்கள் திறன் எங்களுக்கு வலு, உங்கள் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அமர்முடுகல். உந்தம் ஒன்றுதான் இரண்டு கரையிலும் உந்தமாகவே இருக்கிறது. புதிதாக வரும் இந்தச் சொல்லாவது இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். எந்தச் சொல்லானாலும் சரி.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

முதலில் வேகத்தை விடுவோம். அது வடசொல். விரைவு இருக்கிறதே.

தமிழாசிரியர் எழுதியது:

'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். வேகம் அந்த வழியில் வந்து நம் பிள்ளைகள் வாயில் புழங்குகிறது. இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

முடுகல் என்றதும் மனம் அங்கே போய்விட்டது. யாப்பில் முடுகு என்பது விரைந்தோடும் சந்தம். மாட்டை முடுக்குகிறோம், திருகாணியை முடுக்குகிறோம். ஆகவே 'கோள்முடுக்கம்' என்று வைத்தால் என்ன? இன்னும் ஒரு நயம். கோள் என்பதே 'கொள்' என்ற வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். 'கோளில் பொறியின்' என்ற குறளில் கோள் கொள்ளுதல்தானே? கொள்வதைப் பெயராகக் கொண்ட ஒன்று இங்கே கொடுக்கவும் செய்கிறது. இப்படி ஒரு பொருத்தம் வேறெந்தச் சொல்லில் கிடைக்கும்?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

நயம் அழகாக இருக்கிறது ஐயா. இயற்பியலில் வேகம் குறைவதும் திசை மாறுவதும்கூட முடுக்கம்தான் என்பதால் கணக்கிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் 'கோள்முடுக்கம்' என்று படிக்கிற பிள்ளை, கோளுக்கு ஏற்படும் முடுக்கம் என்றே எடுத்துக்கொள்வான். அந்தப் பொருளிலும் அடுத்த பக்கத்தில் பாடம் இருக்கிறது.

என் முன்மொழிவு 'ஈர்ப்புத் திருப்பம்'. ஈர்ப்பு செய்வது திருப்புகிற வேலை ஒன்றைத்தான். கூடுவதும் குறைவதும் எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதைப் பொறுத்தது.

பதிப்பாசிரியர் எழுதியது:

திருப்பம் என்றால் கதையில் வரும் திருப்பம்தான் நினைவுக்கு வருகிறது. 'ஈர்ப்பு வளைவு' கூடாதா?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

வெளியின் வளைவு என்று சார்பியல் பாடத்தில் வருகிறது. அதோடு குழம்பும். கதைத் திருப்பம் யாரையும் குழப்பாது, சாலையிலும் திருப்பம் இருக்கிறதே.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழக்கிழமை. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் திருப்பத்துக்கு ஐந்து பேர், கவணுக்கு மூன்று பேர், கோள்முடுக்கத்துக்கு ஒருவர். 'ஈர்ப்புத் திருப்பம்' என்றே எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும், இதைக் கவண்வீச்சு என்றும் சொல்வதுண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

நூல் வெளிவரட்டும், மகிழ்ச்சி. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன். திருப்பம் சரியான சொல்லாகவே இருக்கலாம். அதில் விசை இல்லை. கவண் என்றதும் கல் பறப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று வட்டம் போட்ட அந்தப் பெண்ணும் ஆற்றல் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்று புரிந்துகொண்டுதானே போட்டாள்?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

உண்மைதான் ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துப் படத்தில் வியாழனுக்கும் ஓர் அம்புக்குறி இருக்கிறதா? கலத்துக்கு மட்டும் போட்டுவிட்டு வியாழனை நிற்க வைத்துவிட்டால், எந்தச் சொல்லைப் போட்டும் பயனில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இல்லை. இப்போதுதான் பார்த்தேன். ஓவியரை அழைத்துச் சொல்லிவிட்டேன், இரவுக்குள் போட்டுத் தருகிறேன் என்றார்.